உங்களுக்குத் தெரியுமா? கம்பெனிக்கு எது சொந்த ஊர்?

நாகல் நகரில் சேலைக் கட்டுக்கு எழுதும் பில்லானாலும் பேகம்பூரில் தோலுக்கு எழுதும் பில்லானாலும், அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘வழக்குகள் திண்டுக்கல் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை.’ பணம் ஒழுங்காக வரும்வரை அந்த வரியை யாரும் படிப்பதில்லை. வரவு நின்ற பிறகுதான் கேள்வி எழுகிறது: நமக்குப் பாக்கி வைத்திருக்கும் கம்பெனி எந்த ஊர்க்காரர்? எந்த கோர்ட்டில் அவரை நிறுத்துவது?

மனிதருக்கு ஊர் கண்டுபிடிப்பது எளிது. கம்பெனி, கூட்டு வியாபாரம், எல்.எல்.பி., அமெரிக்க எல்.எல்.சி. ஆகியவற்றுக்கு அப்படியல்ல, ஒவ்வொன்றுக்கும் சட்டம் ஊர் பார்க்கும் முறை வேறு. சரக்கை ஏற்றும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

குடிமகனா, வெறும் நபரா?

● இந்தியாவில் எந்தக் கம்பெனியும் இந்தியக் குடிமகன் ஆக முடியாது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ‘நபர்’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே கம்பெனிகளையும் சங்கங்களையும் விலக்கிவிட்டது. இங்கேயே பிறந்து, இங்கேயே வரி கட்டி, நூறாண்டு நடந்த கம்பெனிக்கும் இதுதான் நிலை.

● இந்த விஷயம் 1963இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் முன் வந்தது. விற்பனை வரியை எதிர்த்து வந்தது ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற அரசு நிறுவனம். அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு குடிமக்களுக்குத் தரும் உரிமைகளைக் கம்பெனி கேட்க முடியாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. சட்டத்தின் முன் சமம் என்னும் 14ஆவது பிரிவு எல்லா நபர்களுக்கும் பொது என்பதால் அது கம்பெனிக்கும் உண்டு.

● முன்வாசல் அடைபட்டதும் வழக்கறிஞர்கள் பக்கவாசல் கண்டுபிடித்தார்கள். 14 வங்கிகள் நாட்டுடைமையானதை எதிர்த்து வங்கிகள் வழக்குப் போடவில்லை, பங்குதாரரான ஆர்.சி. கூப்பர் போட்டார். கம்பெனிக்கு விழும் அடி பங்குதாரரின் உரிமையையும் பாதித்தால் அவர் வழக்காடலாம் என்று 1970இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. கம்பெனி என்ற திரையை விலக்கி உள்ளே இருக்கும் மனிதரைப் பார்க்கும் இந்தப் பார்வை, பின்னால் வரும் அமெரிக்கக் கதையிலும் மையமானது.

● அந்தப் பார்வையை நம் மண்ணில் அதற்கும் முன்பே வைத்தவர் வ.உ.சி. அவர் 1906இல் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பங்கு வாங்கும் வாய்ப்பு ஆசியருக்கு என்று வைக்கப்பட்டது. பதிவு செய்ததோ ஆங்கிலேயர் போட்ட கம்பெனிச் சட்டத்தின் கீழ். ஆனாலும் அது சுதேசிக் கம்பெனி. காரணம், பங்கு வைத்திருந்த கைகள்.

● லண்டன் நீதிபதிகளும் இதே கேள்வியில் தடுமாறியிருக்கிறார்கள். 1906இல் டி பீர்ஸ் வைரக் கம்பெனி வழக்கு வந்தது. சுரங்கமும் பதிவும் தென்னாப்பிரிக்காவில். முக்கிய முடிவுகள் லண்டனில். வரிக்கு அது இங்கிலாந்துவாசி என்றார்கள். முதல் உலகப் போர் நடுவே, 1916இல், டெய்ம்லர் வழக்கு. இங்கிலாந்தில் பதிவான டயர் கம்பெனியின் பங்குகள் ஏறக்குறைய எல்லாமே ஜெர்மானியர் கையில் இருந்ததால், அதைப் ‘பகைவர் தன்மை’ உடையதாகக் கருதலாம் என்றார்கள். ஒரு வழக்கில் முடிவெடுக்கும் இடம் பேசியது. இன்னொன்றில் உரிமையாளரின் நாடு பேசியது.

நம் சட்டத்தில் ஊர் பார்ப்பது எப்படி?

● உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20ஆவது பிரிவுதான் அடிப்படை. பிரதிவாதி குடியிருக்கும் ஊர், அவர் தொழில் செய்யும் ஊர், வழக்கு மூலம் (வழக்குக்குக் காரணமான நிகழ்வு) முழுதாகவோ ஒரு பகுதியாகவோ எழுந்த ஊர். இவற்றில் ஒன்றில் வழக்குப் போடலாம். வாதியின் சொந்த ஊர் என்பது மட்டும் இங்கே காரணமாகாது.

● கம்பெனிக்கு அதே பிரிவில் தனி விளக்கம் உண்டு. கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கோ அங்கே அது தொழில் செய்வதாகக் கொள்ளப்படும். கிளை உள்ள ஊரிலேயே பிரச்சினை எழுந்திருந்தால், அந்தப் பிரச்சினைக்குக் கிளை ஊர்தான் கம்பெனியின் ஊர். பங்குதாரர்கள் காஷ்மீரில் இருந்தாலும் கன்னியாகுமரியில் இருந்தாலும் நம் சட்டம் இதற்காக அவர்களைத் தேடிப் போவதில்லை.

● கூட்டு வியாபாரம், அதாவது பார்ட்னர்ஷிப், தனி நபர் அல்ல. கூட்டாளிகள் எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் பெயர்தான் அது. வசதிக்காக அந்தப் பெயரிலேயே வழக்காட நடைமுறைச் சட்டத்தின் 30ஆவது கட்டளை இடம் தருகிறது. ஆனால் 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆவது பிரிவு ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது: பதிவு செய்யாத கூட்டு வியாபாரம் தன் ஒப்பந்தப் பாக்கிக்காக வெளியாள் மீது வழக்குப் போட முடியாது. அண்ணன் தம்பி சேர்ந்து கடை வைத்திருப்பவர்கள், பத்திரம் எழுதியதோடு நிற்காமல் பதிவும் செய்துவிடுங்கள்.

● ஒற்றை ஆள் நடத்தும் கடைக்கு என்ன பெயர்ப் பலகை தொங்கினாலும் சட்டத்தின் கண்ணில் கடை வேறு, முதலாளி வேறு அல்ல. கடைப் பெயரைச் சொல்லி அவர் மீது வழக்குப் போடலாம். அவர் வழக்குப் போடும்போது மட்டும் தன் சொந்தப் பெயரில்தான் போட வேண்டும்.

● எல்.எல்.பி. என்னும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை, 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்து 2009 மார்ச் 31 முதல் நடப்பது. உள்ளே கூட்டாளிகள் இருந்தாலும் வெளியே அது கம்பெனியைப் போலத் தனி நபர். அதற்குப் பதிவு அலுவலகம் உண்டு. அதன் பெயரிலேயே வழக்கு நடக்கும். நியமிக்கப்பட்ட கூட்டாளிகள் குறைந்தது இருவர் வேண்டும். அவர்களில் ஒருவராவது நிதியாண்டில் 120 நாளாவது இந்தியாவில் இருந்தவராக இருக்க வேண்டும்.

ஏலக்காயும் ஜரிகை நூலும் வாங்கித் தந்த தீர்ப்புகள்

● இந்தியா முழுக்க வழக்கறிஞர்கள் எடுத்துச் சொல்லும் ஒரு தீர்ப்பு நம் பக்கத்துப் போடிநாயக்கனூரில் தொடங்கியது. ஏலக்காய் வியாபாரியான பிரசாத் டிரேடிங் கம்பெனி, பட்டேல் ரோட்வேஸின் போடி அலுவலகத்தில் சரக்கை டெல்லிக்குப் போட்டது. டெல்லி கிடங்கில் தீப்பிடித்துச் சரக்கு பாழானது. வியாபாரி பெரியகுளம் சார்பு நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்டார். லாரி கம்பெனி ரசீதைக் காட்டியது. ‘பம்பாய் நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம்’ என்று அதில் அச்சிட்டிருந்தது.

● உச்ச நீதிமன்றம் 1991இல் வியாபாரியின் பக்கம் நின்றது. சரக்கை வாங்கிய கிளை போடியில் இருக்கிறது. வழக்கு மூலம் அங்கே எழுந்திருக்கிறது. எனவே இந்த விஷயத்தில் கம்பெனியின் ஊர் போடிதான். தலைமை அலுவலகம் இருக்கிறது என்பதற்காக மட்டும் பம்பாய்க்கு அதிகாரம் வராது. அதிகாரமே இல்லாத நீதிமன்றத்துக்கு ரசீதில் அச்சடித்து அதிகாரம் உண்டாக்க முடியாது. மலையடிவார வியாபாரி பம்பாய்க்கு அலைய வேண்டியதில்லை என்று ஆனது, சிறு வியாபாரிகள் அனைவருக்கும் கிடைத்த காவல்.

● இரண்டாவது வழக்கு சேலத்தைச் சேர்ந்தது. குஜராத்தின் ஏ.பி.சி. லாமினார்ட் கம்பெனிக்கும் சேலம் ஏ.பி. ஏஜென்சீஸுக்கும் ஜரிகைக்கு ஆகும் மெட்டாலிக் நூல் விஷயமாகத் தகராறு. ஒப்பந்தத்தில் ‘கைரா நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’ என்றிருந்தது. ‘மட்டும்’ என்ற சொல் இல்லை. மற்ற ஊர் நீதிமன்றங்களை விலக்கும் சொற்கள் இல்லாததால் சேலத்திலும் வழக்கு நடக்கலாம் என்று 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

● ஆனால் ‘மட்டும்’ இல்லையே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 2013இல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில் காற்று மாறியது. ஜெய்ப்பூர் நிறுவனம் இந்தியன் ஆயிலோடு செய்த ஒப்பந்தத்தில் ‘கொல்கத்தா நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’ என்று மட்டுமே இருந்தது. ஓர் ஊரின் பெயரை எழுதியதே மற்ற ஊர்களை விலக்கும் எண்ணத்தைக் காட்டுகிறது என்றது உச்ச நீதிமன்றம். ஆகவே இன்று, பில்லின் அடியில் எந்த ஊர்ப் பெயர் இருக்கிறது என்பதே பெரிய விஷயம்.

● அதிகாரம் உள்ள இரண்டு மூன்று நீதிமன்றங்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள இரு தரப்புக்கும் உரிமை உண்டு. இல்லாத அதிகாரத்தைக் கொடுக்கத்தான் முடியாது. 1971இல் ஹக்கம் சிங் – கேமன் வழக்கில் வந்த இந்த விதிதான் போடி வழக்குக்கும் அடித்தளம்.

● தவறான ஊரில் பிராது கொடுத்துவிட்டால் எல்லாம் போய்விடாது. சரியான நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்படி பிராதைத் திருப்பித் தருவார்கள். நல்லெண்ணத்தோடு, அக்கறையோடு நடத்திய காலத்தைக் காலவரம்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவு கழித்துக் கொடுக்கிறது. எதிர்த்தரப்பும் ‘இது என் ஊர் இல்லை’ என்பதை ஆரம்பத்திலேயே சொல்ல வேண்டும்; தோற்றபின் சொன்னால் நம் சட்டம் எளிதில் காது கொடுக்காது.

அமெரிக்காவில் எல்.எல்.சி.க்கு எத்தனை ஊர்?

● அமெரிக்காவில் மாநில நீதிமன்றங்கள் ஒரு வரிசை, கூட்டாட்சி நீதிமன்றங்கள் இன்னொரு வரிசை. வெளிமாநிலத்தாரை உள்ளூர் நீதிமன்றம் ஓரவஞ்சனையாக நடத்திவிடுமோ என்ற அச்சத்தால், இரு தரப்பும் வேறு வேறு மாநிலத்தாராக இருந்தால் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 1789இலேயே சட்டம் செய்தார்கள். இதற்கு டைவர்சிட்டி அதிகாரம் என்று பெயர். அன்று வழக்கின் மதிப்பு 500 டாலரைத் தாண்ட வேண்டும். இன்று 75,000 டாலரை. நம் நாட்டில் இந்தப் பிரிவினை இல்லை. திண்டுக்கல் முன்சீப் கோர்ட்டில் தொடங்கும் வழக்கு படிப்படியாக டெல்லி உச்ச நீதிமன்றம் வரை ஒரே ஏணியில் ஏறும்.

● வேற்றுமை முழுமையாக இருக்க வேண்டும். வாதிகளில் யாராவது ஒருவரும் பிரதிவாதிகளில் யாராவது ஒருவரும் ஒரே மாநிலத்தவர் என்றால் அதிகாரம் போயிற்று. 1806இல் ஸ்ட்ராபிரிட்ஜ் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் வைத்த இந்த விதி இரண்டு நூற்றாண்டு தாண்டியும் நிற்கிறது.

● முழுக் கார்ப்பரேஷனுக்கு 1958 முதல் இரண்டு மாநிலங்கள்: பதிவான மாநிலமும் முதன்மைத் தொழிலிடமும். முதன்மைத் தொழிலிடம் எது என்பதில் நீதிமன்றங்கள் பலவிதமாகப் பேசிவந்தன. 2010இல் வாடகைக் கார் நிறுவனமான ஹெர்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்தது: அதிகாரிகள் உட்கார்ந்து முடிவெடுக்கும் தலைமையகமே அந்த இடம். கலிபோர்னியாவில் எவ்வளவு கார் ஓடினாலும், தலைமையகம் நியூ ஜெர்சியில் இருந்ததால் ஹெர்ட்ஸ் நியூ ஜெர்சிக்காரர்தான்.

● எல்.எல்.சி. கதை வேறு. வயோமிங் மாநிலம் 1977இல் முதன்முதலாகச் சட்டம் போட்டு உண்டாக்கிய அமைப்பு அது. வரியில் கூட்டு வியாபாரச் சலுகை, பொறுப்பில் கம்பெனிப் பாதுகாப்பு. அதற்கு ஊர் கேட்டால், அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஒருமித்துச் சொல்லும் பதில்: அதன் உறுப்பினர்கள் ஒவ்வொருவரின் ஊரும் அதன் ஊர். பதிவான மாநிலத்துக்கு இங்கே மதிப்பில்லை. டெலவேரில் பதிவான எல்.எல்.சி.க்கு டெலவேரில் ஓர் உறுப்பினர்கூட இல்லையென்றால் அது டெலவேர்க்காரர் அல்ல.

● உறுப்பினரே இன்னொரு எல்.எல்.சி. என்றால்? அதன் உறுப்பினர்களைப் பார்க்க வேண்டும். அவர்களில் ஒருவர் கூட்டு வியாபாரம் என்றால் அதன் கூட்டாளிகளையும் பார்க்க வேண்டும். கோயில் வரிக்குத் தலைக்கட்டு எண்ணுவதுபோல, கடைசியில் ஒரு மனிதரோ கார்ப்பரேஷனோ வரும்வரை அடுக்கு அடுக்காக இறங்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு தலை விட்டுப்போனாலும் கணக்குத் தவறு.

● ஒரு காலத்தில் கார்ப்பரேஷனுக்கும் இதே முறைதான். 1809இல் ஒரு வங்கி வழக்கில் பங்குதாரர்களின் ஊரைப் பார்த்தார்கள். ரயில்வே கம்பெனிகள் வளர்ந்து பங்குதாரர்கள் பெருகியபோது அது நடவாத காரியமாயிற்று. 1844இல் லெட்சன் வழக்கிலிருந்து கார்ப்பரேஷனுக்குத் தனி ஊர் கிடைத்தது. மற்ற அமைப்புகளுக்கு அந்தச் சலுகையை நீட்டுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று 1990இல் கார்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

● போடி ஏலக்காய் டெல்லிக் கிடங்கில் எரிந்ததைப் பார்த்தோம். கான்சாஸ் நகரில் 1991இல் நிலத்தடி உணவுக் கிடங்கு ஒன்று தீப்பிடித்தது. சரக்கை இழந்த உணவுக் கம்பெனிகள் கிடங்கின் உரிமையாளரான அமெரிகோல்டு மீது வழக்குப் போட்டன. அமெரிகோல்டு கார்ப்பரேஷன் அல்ல. ஒரு வகை டிரஸ்ட். அதன் பங்குதாரர்கள் எந்த மாநிலத்தவர் என்று யாரும் காட்டவில்லை. கீழே வழக்கு முடிந்துபோன பிறகும், அதிகாரம் நிரூபிக்கப்படவில்லை என்று 2016இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. தீ பற்றி ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டு கழித்து!

● எல்.எல்.சி. என்பதைக் கம்பெனி என்று எண்ணிவிட்ட வழக்கறிஞர்களுக்கு 2003இல் ஒரு பாடம் கிடைத்தது. பெல்வில் கேட்டரிங் – ஷாம்பெயின் மார்க்கெட் பிளேஸ் வழக்கில் ஜூரி 2,20,000 டாலர் தீர்ப்பு வழங்கியிருந்தது. மேல்முறையீட்டில் உறுப்பினர்களை எண்ணியபோது இரு பக்கமும் இல்லினாய் மாநிலத்தவர் இருந்தார்கள். தீர்ப்பு செல்லாமல் போனது. மறுபடி மாநில நீதிமன்றத்தில் நடத்தும் செலவைக் கட்சிக்காரர் தலையில் கட்டாமல் வழக்கறிஞர்களே ஏற்பது நியாயம் என்று நீதிபதிகள் எழுதினார்கள்.

● டெக்சாஸ் கூட்டு நிறுவனம் ஒன்று மெக்சிகோ நாட்டு குரூப்போ டேட்டாஃபிளக்ஸ் மீது போட்ட வழக்கில் ஆறு நாள் விசாரணை நடந்து 7,50,000 டாலர் தீர்ப்பும் வந்தது. வழக்குத் தாக்கலான நாளில் வாதியின் கூட்டாளிகளில் மெக்சிகோக்காரர்கள் இருந்தார்கள். விசாரணைக்கு முன்பே விலகிவிட்டார்கள். விலகியது உதவவில்லை. தாக்கலான நாளின் நிலைமைதான் கணக்கு என்று 2004இல் உச்ச நீதிமன்றம் முடித்தது.

● அங்கே இந்தக் குறையை யாரும் எப்போதும் கிளப்பலாம். 1804இல் கேப்ரன் வழக்கில், கூட்டாட்சி நீதிமன்றத்தைத் தேடிப்போன வாதியே தோற்றபின், ‘இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை’ என்று மேலே போய் வென்றார். இந்தச் சங்கடத்தைக் குறைக்க, டைவர்சிட்டி வழக்கில் ஒவ்வொரு தரப்பும் தன் ஊர் விவரத்தைத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 2022 டிசம்பர் 1 முதல் விதி வந்துவிட்டது.

அக்கரையில் நம் பிள்ளைகள் இருந்தால்

● திண்டுக்கல்லிலிருந்து போன ஒருவர் டெக்சாஸில் எல்.எல்.சி. தொடங்கி, ஊரிலிருக்கும் தன் தம்பியையும் உறுப்பினராகச் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தம்பி இந்தியக் குடிமகன். அந்த எல்.எல்.சி. மீது நம் ஊர் ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனி பாக்கிக்கு வழக்குப் போட்டால், இரு பக்கமும் அயல்நாட்டவர் ஆகிவிடுவார்கள். டைவர்சிட்டி வழியில் கூட்டாட்சி நீதிமன்றக் கதவு மூடிவிடும். மாநில நீதிமன்றம் திறந்தே இருக்கும். ஏற்றுமதியாளர் அங்கேதான் போக வேண்டும்.

● கிரீன் கார்டு வாங்கியவர் இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும், அவர் நிலையாக வாழும் மாநிலத்தைச் சேர்ந்த அமெரிக்கருக்கு எதிராக டைவர்சிட்டி வழக்கு நடக்காது. இன்னொரு விசித்திரமும் உண்டு. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் ஊர் திரும்பி நிலையாக இங்கேயே தங்கிவிட்டால், அவர் எந்த மாநிலத்தவரும் அல்ல, அயல்நாட்டவரும் அல்ல. அப்படி ஒருவர் ஒரு பக்கம் இருந்தாலே டைவர்சிட்டி போய்விடும். 1989இல் நியூமன்-கிரீன் வழக்கில், வெனிசுவேலாவில் வாழ்ந்த அமெரிக்கர் ஒருவரால் இந்தச் சிக்கல் வந்தது.

● அமெரிக்கத் தீர்ப்பு கைக்கு வந்தாலும் அதை நேராகத் திண்டுக்கல் நீதிமன்றத்தில் கொடுத்து ஜப்தி கேட்க முடியாது. இந்தியா அறிவித்துள்ள பரிமாற்ற நாடுகளில் அமெரிக்கா இல்லை. அந்தத் தீர்ப்பை வைத்து மூன்றாண்டுக்குள் இங்கே புது வழக்குப் போட வேண்டும். இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா, 2020 முதல் ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றின் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை நேராக நிறைவேற்ற உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44-ஏ பிரிவு வழி தருகிறது.

உங்கள் ஊரிலேயே வழக்காட உதவும் சட்டங்கள்

● பிரதிவாதியின் ஊரைத் தேடி ஓட வேண்டும் என்ற பழைய வழக்கத்தைச் சில சட்டங்கள் திருப்பிப் போட்டிருக்கின்றன. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே புகார் தரலாம். நாகல் நகரில் உட்கார்ந்து பெங்களூரு கம்பெனியிடம் ஆன்லைனில் வாங்கிய பொருள் பழுதென்றால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும்; வியாபாரத்துக்காக வாங்கியதாக இருக்கக் கூடாது.

● உற்பத்தியோ சேவையோ செய்யும் குறு, சிறு நிறுவனத்துக்கு 2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டம் பெரிய ஆயுதம். வாங்கியவர் இந்தியாவில் எந்த மூலையில் இருந்தாலும், விற்றவரின் எல்லையிலுள்ள வசதியாக்க மன்றம் விசாரிக்கலாம் என்கிறது 18ஆவது பிரிவு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் பணம் தரும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. பூட்டுப் பட்டறைக்காரரும் தோல் பதனிடுபவரும் சரக்குக் கொடுக்கும் முன்பே எம்.எஸ்.எம்.இ.க்கான உத்யம் பதிவை முடித்து வைத்திருப்பது பாதுகாப்பு.

● திரும்பி வந்த செக்குக்கும் ஊர் உண்டு. 2014இல் தசரத் ரூப்சிங் வழக்கில், செக் கொடுத்தவரின் வங்கிக் கிளை உள்ள ஊரில்தான் வழக்கு என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது வியாபாரிகள் திகைத்தார்கள். 2015இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது நீங்கள் உங்கள் கணக்கில் செக்கைப் போட்டால், உங்கள் கணக்கு இருக்கும் கிளையின் ஊரே வழக்கின் ஊர்.

● கடன்பட்ட கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போய்விட்டால் இந்தக் கணக்கு மாறும். அங்கே பதிவு அலுவலகம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்தப் பகுதிக்குரிய தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம்தான். சூரத் கம்பெனி என்றால் அகமதாபாத். தமிழ்நாட்டுக் கம்பெனி என்றால் சென்னை.

● திண்டுக்கல் மாவட்ட வழக்குகள் உயர் நீதிமன்றம் போனால் இப்போது மதுரைக் கிளைக்குப் போகின்றன. 2004 ஜூலை 24 அன்று அந்தக் கிளை திறக்கும்வரை சென்னைக்குத்தான் ரயில் ஏற வேண்டியிருந்தது. நீதிமன்றம் எத்தனை மைல் தள்ளி இருக்கிறது என்பதும் ஏழைக் கட்சிக்காரருக்கு நீதியின் ஒரு பகுதிதான்.

சரக்கு ஏற்றும் முன்

● கம்பெனி தன் பெயரையும் பதிவு அலுவலக முகவரியையும் ஒவ்வொரு அலுவலகத்தின் வெளியிலும், அந்தப் பகுதியில் வழங்கும் மொழியின் எழுத்திலும் எழுதி வைக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 12ஆவது பிரிவு. திண்டுக்கல்லில் கிளை வைத்திருந்தால் தமிழில் இருக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வீதம் ஒரு லட்சம் வரை அபராதம் உண்டு.

● கம்பெனியின் லெட்டர் தாளிலும் பில்லிலும் 21 எழுத்து கொண்ட அடையாள எண் இருக்க வேண்டும். முதல் எழுத்து பங்குச் சந்தையில் இருக்கிறதா இல்லையா என்று காட்டும். அடுத்த ஐந்து இலக்கம் தொழில். அதன்பின் இரண்டு எழுத்து மாநிலம். தமிழ்நாட்டுக் கம்பெனிக்கு டி.என். அல்லது டி.இசட். என்றிருக்கும். பிறகு நான்கு இலக்கத்தில் பிறந்த ஆண்டு, மூன்று எழுத்தில் கம்பெனியின் வகை, கடைசி ஆறு இலக்கம் பதிவு எண். இந்த எண்ணைக் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் போட்டால் பதிவு அலுவலகம் எங்கே என்று தெரிந்துவிடும்.

● ஆகவே புதிய ஊர்க்காரருக்குக் கடனில் சரக்கு அனுப்பும் முன் நான்கைக் கேட்டு எழுதி வையுங்கள். எதிராளி தனி ஆளா, கூட்டு வியாபாரமா, எல்.எல்.பி.யா, கம்பெனியா? பதிவு அலுவலகம் எந்த ஊர்? நம்மோடு பேசும் கிளை எந்த ஊர்? ஒப்பந்தத்தில், பில்லில், லாரி ரசீதில் எந்த ஊர் நீதிமன்றத்தின் பெயர் இருக்கிறது? அமெரிக்க எல்.எல்.சி. என்றால் ஐந்தாவதாக உறுப்பினர் பட்டியலையும் கேளுங்கள். ஒரு தாளில் அடங்கும் இந்த விவரம் கையில் இருந்தால், நீங்கள் உங்கள் ஊரில் வழக்காடுவீர்கள். இல்லாவிட்டால் எதிராளி சொல்லும் ஊருக்கு நீங்கள் போக வேண்டியிருக்கும்.